உறைந்த நீரும் ஓடும் வண்டியும்

கனடா நாட்டின் பெரும்பகுதியிலே கார்த்திகை மாதம் கழியுமுன்பே பனி விழத் தொடங்கிவிடும். மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று மாதங்களும் நிலமென்றும் நீரென்றும் வேற்றுமை தெரியாதவாறு எங்கும் ஒரே வெண்மையாகக் கிடக்கும். ஏரிகள் மைதானங்களாகிவிடும். ஆறுகள் ஓட்டத்தை நிறுத்திவிட்டாற்போலத் தோன்றும். வேலிகளும் பாறைகளும் பனியினுள்ளே புதைந்து மறையும். கோடையிலே படகு சென்ற இடத்தில் மனிதர் காலால் நடந்து செல்வர். நாட்டின் தோற்றமே இவ்வாறு மாறிவிடுகின்ற காலத்தில், அங்குள்ள மக்கள் பிரயாணத்துக்கும் பொழுதுபோக்குக்கும் பயன்படுத்துகின்ற ஊர்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதனை ஸ்நோமொபைல் என்பர். தமிழிலே பனிவண்டி எனலாம்.

மோட்டார் சைக்கிளையும் சறுக்கு வண்டியையும் ஒன்றாக இணைத்தாற்போன்றது இதன் அமைப்பு. முன்பக்கத்திலே சில்லுகளுக்குப் பதிலாக இரண்டு சறுக்குச் சட்டங்கள் இருக்கும். கைப்பிடியைத் திருப்பும்போது அவையும் திரும்பும். பின்பக்கத்திலே அகன்ற இரப்பர்ப் பட்டியொன்று இயந்திரத்தின் வலுவினாற் சுழன்று, பனியைப் பற்றிப் பின்தள்ளி வண்டியை முன்னே செலுத்தும். ஒருவரோ இருவரோ அதன்மேல் அமர்ந்து செல்லலாம். இக்காலத்து வண்டிகள் 200 முதல் 300 கிலோகிராம் வரை நிறையுடையன. மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்திலே செல்ல வல்லன. கதவு இல்லை, கூரை இல்லை, சாரதியைச் சுற்றி இரும்புச் சட்டம் எதுவும் இல்லை. மோதினால் மோதுவது சாரதியின் உடம்பே.

இந்த வண்டி பிறந்த வரலாறு ஒரு துயரத்தோடு தொடர்புடையது. கியூபெக் மாகாணத்திலே வால்கூர் என்னும் சிற்றூரில் 1907 ஆம் ஆண்டு பிறந்தவர் ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே. இயந்திரங்களிலே சிறுவயது முதலே ஈடுபாடு கொண்டிருந்த அவர், 1922 இல், தமது பதினைந்தாவது வயதிலே, பழைய மோட்டார்க் கார் ஒன்றின் இயந்திரத்தையும், ஆகாய விமானத்துக்கு இருப்பதுபோன்ற விசிறியையும் சறுக்கு வண்டியிற் பூட்டிப் பனிமேல் ஓட்டிக் காட்டினார். சுழலும் விசிறியைக் கண்டு அஞ்சிய தந்தையார் அதனைக் கழற்றிவிடும்படி கட்டளையிட்டார். எனினும் மகனுடைய எண்ணம் அதனோடு நின்றுவிடவில்லை.

அக்காலத்திலே கியூபெக்கின் நாட்டுப்புற வீதிகள் மாரிகாலம் முழுவதும் பனியால் மூடப்பட்டுக் கிடந்தன. குதிரை பூட்டிய சறுக்கு வண்டியன்றி வேறு வாகனம் செல்ல இயலாது. 1934 ஆம் ஆண்டு மாரியிலே பொம்பார்டியேயின் இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றினுள்ளே கடும் அழற்சி கண்டது. வைத்தியசாலையோ சேர்புறூக் நகரிலே இருந்தது. வீதி மூடிக் கிடந்தது. தந்தையின் வேலைத்தலத்திலே செய்துகொண்டிருந்த பனிவண்டி அப்போது ஓடும் நிலையில் இருக்கவில்லை. குழந்தை இறந்தது. அதன்பின்னர் அவர் இரவு பகலாக உழைத்து, பற்சில்லினாற் சுழற்றப்படும் பட்டி ஒன்றை அமைத்து, 1937 இலே அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். ஏழு பேர் அமரக்கூடிய அவ்வண்டியையும், அதன்பின் வந்த பன்னிரண்டு பேருக்குரிய வண்டியையும் வைத்தியர்களும் தபாற்காரர்களும் பாடசாலைகளும் வாங்கினர். நோயாளியை வைத்தியரிடமும், வைத்தியரை நோயாளியிடமும் கொண்டு சேர்ப்பதே இவ்வண்டியின் முதற்பணியாயிருந்தது.

பின்னர், 1959 ஆம் ஆண்டிலே, பொம்பார்டியே சிறிய வண்டியொன்றை விற்பனைக்கு விட்டார். ஸ்கீ-டூ என்னும் பெயருடைய அவ்வண்டியின் இயந்திரம் 7 குதிரைவலு மாத்திரமே உடையது. மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். தூரத்து வடபுலத்திலே பணிபுரிந்த சமயத் தொண்டர்களும், வேட்டைக்காரரும், பொறி வைத்து மிருகம் பிடிப்போரும் அதனாற் பயன் பெறுவர் என்பதே அவருடைய எண்ணம். ஆனால், வாரவிடுமுறையைக் கழிக்க விரும்பிய நகரத்தவர்களும் அதனை விரும்பி வாங்கினர். 1964 இல் பொம்பார்டியே காலமானார். அதற்குப் பின்வந்த ஆண்டுகளிலே பல நிறுவனங்கள் போட்டியிட்டு இவ்வண்டிகளைச் செய்தன. இயந்திரத்தின் வலு பத்து மடங்கு, இருபது மடங்கென்று பெருகியது. மனிதனுடைய கண்ணின் கூர்மையோ, கையின் விரைவோ, எலும்பின் உறுதியோ அவ்வாறு பெருகவில்லை. பனிவண்டி விபத்துகளின் மூலகாரணத்தை இந்த ஒரு வேறுபாட்டிலே காணலாம்.

வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிற் மக்களின் அநுபவம் இங்கே கருதத்தக்கது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளிலே கடற்பனிக்கட்டியின்மேற் பிரயாணஞ் செய்தனர். 1960 ஆம் ஆண்டுகள் தொடக்கம் நாய்களின் இடத்தைப் பனிவண்டி பிடித்துக்கொண்டது. பல நாட் பிரயாணம் ஒரு நாட் பிரயாணமாகச் சுருங்கிற்று. ஆயினும், முதியவர்கள் இழப்பொன்றையும் எடுத்துக் கூறுவர். மெலிந்த பனிக்கட்டியை நாய் காலடியிலே உணர்ந்து தயங்கும். பனிப்புயலிலே மனிதன் வழிதவறினாலும் நாய் வீட்டுக்கு வழி அறியும். உணவு தீர்ந்து குளிர் மிகுந்தால் நாயின் உடம்பு கணப்பாகும். இயந்திரமோ தயங்காது. நீரின் விளிம்புக்குச் செலுத்தினாலும் அதே வேகத்திற் செல்லும். ஆகவே, நாயிடம் இருந்த அறிவையும் மனிதனே சேர்த்துச் சுமக்கவேண்டியவனாகிறான்.

அந்த அறிவை ஒருவன் தனியாகத் தேடவேண்டியதில்லை. அதற்கென்றே பனிப்பாதைகள் அமைக்கப்பட்டுள்ளன. கியூபெக், ஒன்ராறியோ ஆகிய இரு மாகாணங்களிலும், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 30,000 கிலோமீற்றர் நீளமான பனிவண்டிப் பாதைகள் இருக்கின்றன. இவற்றைப் பேணுவோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஊர் தோறும் கழகம் அமைத்து, இலையுதிர் காலத்திலே முறிந்த மரங்களை அகற்றி, சிறு பாலங்களைத் திருத்தி, அடையாளப் பலகைகளை நாட்டி வைப்பர். பனி விழுந்தபின் பாரமான இயந்திரங்களைக் கொண்டு மேடுபள்ளங்களைச் சமன்செய்வர். அவ்வேலை பெரும்பாலும் இரவு நேரத்திலேயே நடைபெறும். ஏரியைக் குறுக்கே கடக்கவேண்டிய இடங்களிலே பனிக்கட்டியின் தடிப்பை அளந்து, செல்லத்தக்க வழியின் இருமருங்கும் கம்புகளை நட்டு எல்லை காட்டுவர். பாதை திறந்திருக்கிறதா, மூடப்பட்டிருக்கிறதா என்பதையும் அவ்வப்போது அறிவிப்பர். ஒன்ராறியோ மாகாணத்திலே பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்களாற் பாதையின் நிலை குறிக்கப்படுகின்றது. பச்சை திறந்த பாதை. மஞ்சள் விழிப்போடு செல்லவேண்டிய பாதை. சிவப்பு மூடப்பட்ட பாதை.

ஆகவே, அடையாளமிட்ட பனிப்பாதை என்பது வெறும் வழியன்று. முன்னே சென்று பார்த்தவர்கள் பின்னே வருவோருக்கு எழுதிவைத்த செய்தி அது. இந்த இடத்திலே பனிக்கட்டி தாங்கும், இந்த வளைவுக்கு அப்பால் பாலம் உண்டு, இங்கே தெரு குறுக்கிடுகிறது என்று ஒவ்வொரு பலகையும் கூறுகின்றது. பாதையை விட்டு விலகுகின்றவன் அந்தச் செய்தியையும் விட்டு விலகுகின்றான். அதற்கப்பால் அவன் காண்பது வெண்மை ஒன்றையே. வெண்மை எதனையும் வெளிக்காட்டாது.

இவ்வுண்மையைப் பெருந்துயரத்தோடு எடுத்துக் காட்டிய நிகழ்ச்சியொன்று 2020 ஆம் ஆண்டு சனவரி மாதம் 21 ஆந் திகதி கியூபெக் மாகாணத்திலே நிகழ்ந்தது. பிரான்சு தேசத்திலிருந்து வந்த உல்லாசப் பிரயாணிகள் எண்மர், வழிகாட்டி ஒருவரோடு சென் ஜோன் ஏரிப் பகுதியிலே பனிவண்டிகளிற் சென்றுகொண்டிருந்தனர். பொழுது இருட்டிவிட்டது. அவர்கள் அடையாளமிட்ட பாதையை விட்டு, ஏரியின் நீர் ஆறாக வெளியேறுகின்ற இடத்தை அண்டிய பகுதிக்குட் சென்றனர். ஏரியின் நடுவிலே நீர் அசையாது கிடப்பதால் தடித்த பனிக்கட்டி உண்டாகும். நீர் வெளியேறும் வாயிலிலோ கீழே ஓட்டம் ஓயாது நடைபெறும். ஓடும் நீர் மேலுள்ள பனிக்கட்டியை அடியிலிருந்து தேய்த்துக்கொண்டேயிருக்கும். மேலே பார்ப்பவர்க்கு இரண்டும் ஒரே வெண்தரைதான். அந்த இடத்திலே பனிக்கட்டி உடைந்தது. வண்டிகள் நீரினுள் வீழ்ந்தன. மூவர் உயிர் தப்பினர். பிரயாணிகளில் ஐவர் மாண்டனர். மீட்கப்பட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட வழிகாட்டியும் மறுநாள் இறந்தார். பொலிசாரும் சுழியோடிகளும் பனிக்கட்டியின் கீழே பல நாட்கள் தேடியே மற்றவர்களின் உடல்களை எடுத்தனர்.

அவ்வழிகாட்டி பனிக்குப் புதியவரல்லர். பிரயாணிகளோ வழிகாட்டியை நம்பி வந்தவர்கள். அநுபவமும் நம்பிக்கையும் ஓடும் நீருக்கு மேலுள்ள பனிக்கட்டியைத் தடிப்பாக்கமாட்டா என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

பனிக்கட்டியின் வலிமையைப் பற்றிச் சில செய்திகளை அறிந்திருத்தல் நன்று. தெளிந்து நீலநிறமாகத் தோன்றும் பனிக்கட்டியே வலிமை மிக்கது. பனி கலந்து உறைந்த வெள்ளைப் பனிக்கட்டிக்கு அதன் பாதி வலிமைதான் உண்டு. சாம்பல் நிறமானது நீர் ஊறிய பனிக்கட்டி; அதன்மேற் காலடி வைத்தலும் ஆகாது. கனடாச் செஞ்சிலுவைச் சங்கத்தார், ஒருவர் நடப்பதற்கு 15 சென்ரிமீற்றர் தடிப்பும், பனிவண்டி செல்வதற்கு 25 சென்ரிமீற்றர் தடிப்பும் வேண்டுமென்று கூறுகின்றனர். ஓரிடத்தில் அளந்த தடிப்பு நூறு அடிக்கு அப்பால் இராமற்போகலாம். ஆறு புகும் வாயில், ஆறு வெளியேறும் வாயில், பாலத்தின் அடி, நிலத்தூற்று உள்ள இடம், இரு கரைகள் நெருங்கும் ஒடுக்கம், நீரினுள்ளே பாறை உள்ள இடம் ஆகிய இவை யாவும் ஐயுறத்தக்கன. பனிக்கட்டியின்மேல் ஆழமாக விழுந்துகிடக்கும் பனியும் ஏமாற்ற வல்லது. அது கம்பளிபோற் போர்த்திக்கொண்டு, கடுங்குளிர் கீழே செல்லாதபடி தடுப்பதால், அடியிலுள்ள பனிக்கட்டி தடிப்பதில்லை. கடுங்குளிர் நிலவியது, ஆகவே பனிக்கட்டியும் தடித்திருக்கும் என்று எண்ணுதல் பிழையாகும்.

நீரினுள் வீழ்ந்தவர் செய்யவேண்டியது யாது? மனித உடல் குளிரைத் தாங்கும் முறைபற்றி மானிற்றோபாப் பல்கலைக்கழகத்திலே நெடுங்காலம் ஆராய்ந்தவர் பேராசிரியர் கோடன் கீஸ்பிறெக்ட். ஒன்று, பத்து, ஒன்று என்னும் எளிய கணக்கொன்றை அவர் கற்பித்துள்ளார். வீழ்ந்த முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும். அப்போது கலங்காது மூச்சை அடக்கி ஒழுங்குபடுத்தல் வேண்டும். அடுத்த 10 நிமிடங்கள் கைகால்கள் சொன்னபடி இயங்கும். அதற்குள் வெளியேற முயல வேண்டும். அதன்பின் ஏறத்தாழ 1 மணித்தியாலம் வரையிலேயே உடற்சூடு குறைந்து அறிவு மயங்கும். குளிர்நீரில் வீழ்ந்தவர் உடனே குளிரால் இறந்துவிடுவார் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. அச்சத்தினால் நீரை மூச்சோடு உள்ளிழுப்பதும், வீண் போராட்டத்திலே அந்தப் பத்து நிமிடங்களை இழப்பதுமே பலரைக் கொல்கின்றன.

வந்த திசையை நோக்கித் திரும்பவேண்டும். ஏனெனில், அந்தப் பக்கத்துப் பனிக்கட்டி சற்று முன்பு வரை பாரத்தைத் தாங்கியிருந்தது. கைகளைப் பனிக்கட்டியின்மேற் பரப்பி, நீந்துவதுபோலக் கால்களை உதைத்து, வயிறு படும்படி மேலே ஏறவேண்டும். ஏறியதும் எழுந்து நிற்றல் ஆகாது. உடலின் பாரம் ஓரிடத்திற் குவியாதபடி உருண்டு உருண்டு விலகவேண்டும். வழுக்கும் பனிக்கட்டியிற் பற்றிக்கொள்வதற்காக, மரப்பிடியிலே ஆணிபோன்ற கூர்முனை பொருத்திய சிறு கருவிகள் இரண்டைக் கயிற்றில் இணைத்துக் கழுத்திலே அணிவது வழக்கம். அவற்றின் விலை சிறிது. அவை இல்லாதபோது ஏற்படும் இழப்போ பெரிது. நீரில் மிதக்கச் செய்யும் மேலங்கிகளும் உள. கரையில் நிற்பவர் ஓடிச்சென்று கைகொடுத்தலும் தகாது. கயிறோ கம்போ மரக்கொம்போ நீட்டி இழுத்தலே முறை. இல்லையேல் நீரினுள் இருப்பவர் இருவராவர்.

இனி வேகத்தைப்பற்றிக் கூறவேண்டும். ஒன்ராறியோவின் பனிப்பாதைகளிலே, வேறு அறிவித்தல் இல்லாத இடத்து, மணிக்கு 50 கிலோமீற்றருக்கு மேற் செல்லல் ஆகாது என்பது சட்டம். கியூபெக்கிலே பாதைகளின் எல்லை 70 கிலோமீற்றர். மணிக்கு 50 கிலோமீற்றர் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 14 மீற்றர் தூரத்தைக் கடக்கும். 100 கிலோமீற்றர் செல்வது 28 மீற்றர் கடக்கும். இடையூறொன்றைக் கண்டு, அறிந்து, பிறேக்கைப் பிடிப்பதற்கு ஒன்றரை வினாடி செல்லுமென்று வைத்துக்கொண்டால், அதற்குள்ளேயே வண்டி 42 மீற்றர் சென்றுவிடும். வண்டி வேகங்குறைந்து நிற்பதற்கு வேண்டிய தூரம் அதற்குப் பின்னரே தொடங்குகின்றது. வேகம் இரு மடங்கானால் மோதலின் வலு நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதி. இரவிலே முன்விளக்கின் ஒளி காட்டும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியாத வேகத்திற் செல்பவன், கண்ணை மூடிக்கொண்டு செல்பவனையே ஒப்பான். முறிந்து கிடக்கும் மரம், கமக்காரர் இட்ட கம்பிவேலி, எதிரே வரும் பாதை திருத்தும் இயந்திரம், வழியைக் கடக்கும் மான் ஆகிய எதுவும் ஒளிக்கு அப்பால் நிற்கலாம்.

மதுபானமும் வேகமும் கூடும்போது ஆபத்து பன்மடங்காகின்றது. குடித்துவிட்டுப் பனிவண்டி செலுத்துதல் கனடாவின் குற்றவியற் சட்டத்தின்படி, மோட்டார்க் காரைச் செலுத்துதல் போன்றே தண்டனைக்குரியது. ஒன்ராறியோவிலே அவ்வாறு பிடிபட்டவர் காரோட்டும் அனுமதிப்பத்திரத்தையும் இழக்க நேரிடும். மது உடம்பைச் சூடாக்கும் என்னும் நம்பிக்கை குளிர்நாடுகளிலே பரவலாக உண்டு. உண்மை அதற்கு மாறானது. மது தோலின் அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்வதால், உடலின் உட்சூடு விரைவாக வெளியேறுகின்றது. சூடேறியதுபோலத் தோன்றும் அந்த வேளையிலேயே உடல் குளிர்ந்துகொண்டிருக்கும். மாகாணப் பொலிசார் ஆண்டுதோறும் மாரிகாலம் தொடங்கும்போது விடுக்கின்ற எச்சரிக்கைகளிலே மூன்று காரணங்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. மிதமிஞ்சிய வேகம், மது முதலிய போதைப்பொருள், உறுதியற்ற பனிக்கட்டி என்பனவே அவை.

பலர் சேர்ந்து செல்வது நன்று. தனியே செல்வது ஆகாது. சேர்ந்து செல்லும்போதும் ஒழுங்கு வேண்டும். அநுபவமுடையவர் ஒருவர் முன்னேயும் மற்றொருவர் பின்னேயும் செல்ல, புதியவர்கள் நடுவே செல்வர். இயந்திரத்தின் ஒலியில் வாய்ப்பேச்சுக் கேளாது. ஆகையாற் கைச்சைகைகள் வகுக்கப்பட்டுள்ளன. வேகத்தைக் கூட்டும் விசை வலக்கைப் பெருவிரலிலே இருப்பதனால், சைகைகள் யாவும் இடக்கையினாலேயே காட்டப்படும். இடக்கையை நேரே மேலே உயர்த்தினால் நிற்றல் என்பது பொருள். பக்கவாட்டிலே நீட்டினால் இடப்பக்கம் திரும்புதல். முழங்கையை மடித்துக் கையை மேலே நிமிர்த்தினால் வலப்பக்கம் திரும்புதல். கடைசியிற் செல்பவர் தோளளவிலே கையை மடித்து முட்டி பிடித்துக் காட்டுவர். அவருக்குப் பின் எவரும் இல்லை என்று எதிரே வருபவர் அறிந்துகொள்வர். ஆனால், வளைவிலோ குழியிலோ இரு கைகளும் கைப்பிடியிலேயே இருத்தல் வேண்டும். சைகை காட்டுவதற்காகச் சமநிலையை இழத்தல் அறிவுடைமையன்று. பாதையின் வலப்பக்கத்தை விட்டு விலகாமையும், மேட்டின் உச்சியிலும் வளைவிலும் முந்தாமையும், தெருவையோ இருப்புப் பாதையையோ கடக்குமுன் முற்றாக நிறுத்தி இருபக்கமும் பார்த்தலும் எல்லாருக்கும் பொதுவான விதிகளாம்.

குளிர் தானே ஒரு பகை. பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸ் உள்ள நாளிலே, மணிக்கு 50 கிலோமீற்றர் வேகமான காற்று முகத்திற் பட்டால், திறந்த தோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே 35 பாகைபோல இருக்கும். காற்றே இல்லாத நாளிலும் வண்டியின் வேகமே அந்தக் காற்றை உண்டாக்கும். ஆதலாற் பருத்தி உடையைத் தவிர்த்து, வியர்வையை ஈர்க்காத உள்ளாடை, கம்பளி, காற்றுப் புகாத மேலங்கி என்று அடுக்கடுக்காக அணிய வேண்டும். தலைக்கவசம் இன்றியமையாதது. கழுத்திலே தொங்கும் நீண்ட சால்வை சுழலும் உறுப்புகளிலே சிக்கி உயிருக்கே கேடு விளைக்கும். சாரதியின் அங்கியோடு வண்டியை இணைக்கும் சிறு கயிறொன்றும் உண்டு. சாரதி விழுந்தால் அக்கயிறு கழன்று இயந்திரத்தை நிறுத்திவிடும். அதனை இணைக்க ஒரு கணம் போதும்.

புறப்படுமுன் எரிபொருள், பிறேக்கு, முன்விளக்கு, பட்டி ஆகியவற்றைச் சோதித்தல் வேண்டும். மூடிய கொட்டிலினுள்ளே இயந்திரத்தை ஓடவிடுதல் கூடாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்ற நஞ்சு. மேலதிக இயக்குபட்டி, தீப்பொறிச் செருகி, ஆயுதங்கள், தீப்பெட்டி, கைவிளக்கு, கயிறு, தேசப்படம், முதலுதவிப் பெட்டி, உணவு, போர்வை ஆகியவற்றைக் கொண்டு செல்லல் வேண்டும். கைத்தொலைபேசி இருக்கிறதென்று இவற்றை விட்டுச் செல்வது சரியன்று. காட்டின் உட்பகுதியிலே அதற்குத் தொடர்பு கிட்டாதிருக்கலாம். கடுங்குளிரிலே அதன் மின்கலம் விரைவில் வலுவிழக்கும். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டிலுள்ளோரிடம் சொல்லிச் செல்வதே பழைய வழக்கம். குறித்த நேரத்தில் வராதவரைத் தேடத் தொடங்குவதற்கு அந்த ஒரு சொல்லே துணையாகும். வண்டி பழுதுபட்டால் அதனை விட்டு நடந்து செல்லாது, அதன் அருகிலேயே தங்கி, தீ மூட்டிக் காத்திருத்தல் நலம். நடக்கும் மனிதனைவிட நிற்கும் வண்டி தேடுவோர் கண்ணுக்கு எளிதிற் புலப்படும்.

மேற்கிலே, பிரித்தானியக் கொலம்பியாவின் மலைகளிலே, மற்றோர் அபாயம் உண்டு. அது பனிச்சரிவு. 2008 ஆம் ஆண்டு திசம்பர் 28 ஆந் திகதி, ஃபேர்ணி என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள மலைப்பகுதியிலே பனிவண்டியிற் சென்ற பதினொருவரிற் சிலரைப் பனிச்சரிவு மூடியது. உதவிக்கு விரைந்து வந்த தோழர்களை இரண்டாவது சரிவு மூடியது. எண்மர் மாண்டனர், மூவர் மாத்திரமே மீண்டனர். பனியினுட் புதைந்தவரை முதற் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தாலன்றி உயிர் பிழைத்தல் அரிது. தொலைவிலிருந்து வரும் மீட்புப் படையினால் அந்நேரத்துக்குள் வந்து சேர முடியாது. உடன்சென்ற தோழரே மீட்பவர். அதனால், மலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் சமிக்கை அனுப்பும் கருவி, நீண்ட கோல், மண்வாரி ஆகிய மூன்றையும் தம் உடம்போடு கொண்டு செல்லவேண்டுமென்றும், அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்தறிய வேண்டுமென்றும் வற்புறுத்தப்படுகின்றது. சரிவான மலைமுகத்திலே ஒரு நேரத்தில் ஒருவரே செல்லவேண்டும். மற்றவர்கள் அபாயமில்லாத இடத்தில் நின்று அவரைக் கவனித்திருக்கவேண்டும்.

வெப்பநாட்டிலிருந்து இதனைக் கேட்போருக்கு இச்செய்தி தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆயினும், 1983 ஆம் ஆண்டின் பின்னர் இலங்கைத் தமிழர் பல்லாயிரவர் கனடாவிலே, சிறப்பாக ஒன்ராறியோ மாகாணத்திலே, குடியேறி வாழ்கின்றனர். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பனி அந்நியமானதன்று. பெற்றோர் பலர் வளர்ந்ததோ குளமும் கடலும் ஒருநாளும் உறையாத ஊரிலே. பிள்ளை வாடகைக்குப் பனிவண்டி எடுத்துத் தோழரோடு ஏரிக்குச் செல்கின்றேன் என்று கூறும்போது, எதனைக் கேட்க வேண்டும், எதனைத் தடுக்க வேண்டும் என்று அறியாது பெற்றோர் தடுமாறுதல் இயல்பு. கேட்கவேண்டியவை சிலவே. பாதை திறந்திருக்கின்றதா? யார் யார் உடன் செல்கின்றனர்? எப்போது திரும்புவாய்? ஏரியைக் கடக்குமிடத்திற் கம்புகள் நடப்பட்டுள்ளனவா? இந்நான்கு வினாக்களுக்கும் விடையில்லாத பிரயாணத்தை மறுநாளைக்கு ஒத்திவைப்பதால் எவருக்கும் நட்டமில்லை.

ஒன்ராறியோவிலே பனிப்பாதையில் வண்டி செலுத்துவதற்குக் குறைந்த வயது 12 என்றும், பொதுத் தெருவைக் கடப்பதற்கும் அதன் வழியே செல்வதற்கும் 16 என்றும் சட்டம் வகுக்கப்பட்டுள்ளது. காரோட்டும் அனுமதிப்பத்திரம் இல்லாதவர் பனிவண்டிக்குரிய பயிற்சி பெற்றுத் தனி அனுமதிப்பத்திரம் எடுத்தல் வேண்டும். வயது வந்தோருக்கும் அப்பயிற்சி பயன் தருவதே. பாதைகளிற் பெரும்பகுதி தனியார் நிலங்களினூடாகச் செல்கின்றது என்பதையும் மறத்தலாகாது. கமக்காரர் தம் வயலினூடே பிறர் செல்லக் கூலியின்றி இடங்கொடுக்கின்றனர். பாதையை விட்டு விலகி அவர்களுடைய பயிரையும் வேலியையும் சிதைப்பவன், தன் உயிருக்குத் தீங்கு தேடுவதோடு, அடுத்த ஆண்டு அப்பாதையே மூடப்படுவதற்கும் காரணமாகின்றான்.

மாரிகாலத்துக் காட்டின் அழகு பெரிது. பனி சுமந்த தேவதாரு மரங்களும், ஒலியடங்கிய ஏரியும், நிலாவிலே ஒளிரும் வெண்தரையும் கண்டவர் மனத்தை விட்டு அகலாதன. அவ்வழகைக் காணச் செல்வோரைத் தடுப்பது எச்சரிக்கையின் நோக்கமன்று. சென்றவர் திரும்பி வரவேண்டும் என்பதே அதன் நோக்கம். வீதியின்றி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்படாது ஒரு குழந்தை இறந்தது. அத்தகைய மரணத்தைத் தடுப்பதற்காக ஒரு தந்தை செய்துமுடித்த ஊர்தி இது. உயிரைக் காக்க உண்டான வண்டியிலே செல்பவர், இரவிலே உறக்கமின்றிப் பாதை சமைத்த தொண்டரின் அடையாளக் கம்புகளுக்கு உள்ளேயே தம் வண்டியைச் செலுத்துவாராயின், மாலையிலே வீட்டு வாயிலில் விளக்கேற்றிக் காத்திருப்போரிடம் நலமே வந்து சேர்வர்.